சிந்தியதற்குக் கட்டம் இல்லாத தாள்

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து கோட்டின்மேல் நிற்காது. வரியின் தொடக்கத்தில் இருந்த உயரத்தில் முடிவில் இருக்காது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எழுத்துப் பிழைகளும் நிறைய இருக்கும். இலக்கங்கள் மட்டும் எனக்கு அழகாக வரும். ஒன்றுக்குக் கீழே ஒன்றாக, வேலிக்கு நட்ட கதியால்போல நேராக நிற்கும். நான் சொல்ல வந்த விஷயமே அந்த அழகான இலக்கங்களால் வந்ததுதான்.

நான் கிராமச்சபையின் தண்ணீர் வண்டிக்காரன். ஐம்பத்தாறாம் ஆண்டு, பதினேழு வயதில் இந்த வேலைக்குச் சேர்ந்தேன். எங்கள் நாரந்தனைப் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரை மாரியில் ஒருமாதிரிக் குடிக்கலாம். சித்திரைக்குப் பிறகு உவர்த்துப் போய்விடும். தேத்தண்ணீர் வைத்தால் பால் திரையும். சாட்டிக் கடற்கரையில் மணலுக்குள் வெட்டிய கிணறுகளில் நல்ல தண்ணீர் இருக்கிறது. அங்கே போய் நிரப்பிக்கொண்டு வந்து, வீட்டுக்கு இரண்டு வாளி வீதம் கொடுப்பதுதான் என் வேலை. தொடக்கத்தில் மாட்டு வண்டியில் ஒரு மரப்பீப்பா இருந்தது. பிறகு உழவு இயந்திரத்தின் பின்னால் இழுக்கும் இரும்புத் தாங்கி வந்தது; பவுசர் என்போம்.

சந்தியில் வாளிகள் வரிசையில் நிற்கும். ஆட்கள் நிழலில் நிற்பார்கள். நான் ஆட்களை நிமிர்ந்து பார்ப்பதில்லை. வாளியைப் பார்த்துத் தண்ணீர் விடுவேன். இந்த வேலை எனக்குப் பிடித்துப்போனதற்கு அதுவும் ஒரு காரணம். அதிகம் கதைக்கத் தேவையில்லை.

சபை கணக்கு எழுத ஒரு கொப்பி தந்திருந்தது. இடப்பக்கம் 'எடுத்தது', வலப்பக்கம் 'கொடுத்தது'. சேர்ந்த முதல் கோடையில் ஒருநாள் எடுத்தது அறுபது வாளி, கொடுத்தது ஐம்பத்து நான்கு என்று எழுதினேன். ஆறு வாளி வழியில் சிந்திவிட்டது. அந்தத் தெருவில் வண்டி போன போக்குக்கு ஆறு வாளி பெரிதல்ல. சபைக் கிளாக்கர் கொப்பியை வாங்கிப் பார்த்தார்.

"மிச்சம் ஆறும் எங்கையடா?"

"சிந்திப்போச்சு ஐயா."

"சிந்தினதுக்கு இதிலை கட்டம் கிடக்கோ? பார். இல்லைத்தானே. ரெண்டு பக்கமும் ஒத்து வரவேணும். நான் மேலிடத்துக்குக் காட்டுறனான். விளங்கிச்சோ?"

விளங்கியது. அதன் பிறகு இருபது வருடத்துக்கு மேலாக இரண்டு பக்கமும் ஒத்து வந்தன. கிளாக்கர்மார் மாறினார்கள், ஒருவரும் என்னை ஏசவில்லை. உண்மையில் எவ்வளவு தண்ணீர் கிடக்கிறது என்று அறிய நான் வேறாக ஒரு பூவரசந்தடி வைத்திருந்தேன். பவுசரின் மேல்வாயால் அதை விட்டு எடுத்து, ஈரம் நிற்கும் இடத்தில் கரித்துண்டால் ஒரு கோடு போடுவேன். தடி எனக்கு, கொப்பி சபைக்கு. இதனால் யாருக்கும் நட்டமில்லை என்று நினைத்திருந்தேன்.

எழுபதுகளின் பிற்பகுதியில் ஒரு கோடை மிகவும் கடுமையாக இருந்தது. குளிப்புக்கு உவர்த் தண்ணீரே போதாமல் போனது. பிள்ளைகளுக்குச் சிரங்கு பரவியது. ஏழு வயதான என் மகளுக்கும் இரண்டு காலிலும் வந்தது. வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசினோம். புண்கள் காய்ந்து பொருக்கு விழுந்தன. இனிப் பிரச்சினை இல்லை என்றிருந்தோம்.

இரண்டு மூன்று கிழமை கழித்து ஒரு காலையில் அவள் எழும்பியபோது கண் இரண்டும் வீங்கியிருந்தன. நித்திரை கூடிப்போய்விட்டது என்று மனைவி சொன்னாள். அன்று போன சலம், சிறுநீர், பால் விடாத தேத்தண்ணீர் நிறத்தில் இருந்தது. அடுத்த நாள் கொஞ்சம்தான் போனது. அதற்கடுத்த நாள் ஒன்றுமே இல்லை. உடம்பு வெக்கை, இளநீர் கொடுத்தால் சலம் உடையும் என்று அயலில் எல்லோரும் சொன்னார்கள். ஒரே நாளில் மூன்று இளநீர் கொடுத்தோம். வீக்கம் காலுக்கும் வந்தது. பிள்ளை குடித்ததையெல்லாம் சத்தி எடுத்தாள். ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரியில் பார்த்தவர் உடனே பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னார்.

மனைவிக்கு இரண்டாவது பிள்ளை பிறந்து இருபது நாள்தான். அவளால் வர முடியாது. வாசலில் நின்று, "இஞ்சேருங்கோ, அங்கை போய் ஊமையைப்போலை நிக்காதேங்கோ. கேக்கிறதைக் கேளுங்கோ," என்றாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நான்தான் போனேன்.

அது பிள்ளைகள் வாட்டு. ஒவ்வொரு கட்டிலுக்கும் பக்கத்தில் ஒரு தாய். ஆம்பிளை நான் ஒருவன்தான். தாதிமாருக்குத் தலைவியான பெரிய மிஸ்ஸியிடம் விசேடமாக அனுமதி வாங்கித் தந்தார்கள்: பகலில் பிள்ளையோடு இருக்கலாம், இரவில் வெளி விறாந்தையில் படுக்கவேண்டும். நான் ஒரு நீட்டு மர வாங்கில், சுவரைப் பார்த்தபடி இருந்தேன். அடுத்த கட்டிலில் நெடுந்தீவுப் பெண் ஒருத்தி, காய்ச்சல்காரப் பையனோடு இருந்தாள். அவள்தான் முதலில் கதை கொடுத்தாள்.

"அண்ணை எந்தப் பக்கம்?"

"நாரந்தனை."

"அதுதானே பாத்தன். நெடுந்தீவெண்டால் இவ்வளவு நேரத்துக்குள்ளை ஏழு தலைமுறைக் கதையும் சொல்லி முடிச்சிருப்பியள்."

மற்றத் தாய்மார் சிரித்தார்கள். நான் பிள்ளையின் போர்வையைச் சரிசெய்தேன்.

டொக்டர் ஒரு நடுத்தர வயதுக்காரர். சத்தம் போடாத மனிதர். இளநீர் கொடுத்ததைச் சொன்னபோது பிள்ளையின் கால் வீக்கத்தை விரலால் அமத்திப் பார்த்தார். "சலம் போகாத பிள்ளைக்கு அது நஞ்சு. இனிக் குடுக்காதையும்," என்றார். பிறகு விளக்கினார்.

"சிரங்குப் புண்ணாலை வந்தது. கிட்னி ரெண்டும் நித்திரை கொண்டிட்டுது. சாகேல்லை, நித்திரைதான். அது எழும்பிற வரைக்கும் கெட்டதை நாங்கள் வயித்தாலை கழுவி எடுப்பம்."

எத்தனை நாள் என்று எனக்குக் கேட்கவேண்டும் போலிருந்தது. வாய் வரவில்லை.

"எத்தினை நாளைக்கு டொக்டர்?" என்று நெடுந்தீவுப் பெண் கேட்டாள்.

"அது கிட்னியைக் கேக்கவேணும். ஒரு கிழமையாகலாம். கழுவாமல் விட்டால் அவ்வளவு நாள் பிள்ளை தாங்காது. இந்த வயசுக்கு எங்களிட்டை வேறை வழியும் இல்லை."

அன்று மத்தியானமே தொப்புளுக்குக் கீழே மரக்க ஊசி போட்டு, ஒரு குழாயை வயிற்றுக்குள் விட்டார். அது பெரியவர்களுக்கென்று வந்த குழாய், பிள்ளைக்கு நீளம் கூட, கவனமாக இருக்கவேண்டும் என்று மிஸ்ஸியிடம் சொன்னது எனக்குக் கேட்டது. கட்டிலுக்கு மேலே கம்பியில் ஒரு கண்ணாடிப் போத்தல் தொங்கியது. அதில் உப்பும் சீனியும் அளவாகக் கலந்த தண்ணீர். அது குளிராக உள்ளே போனால் பிள்ளைக்கு வயிறு வலிக்கும் என்று போத்தலைச் சுடுதண்ணீர்ச் சட்டிக்குள் வைத்து வெதுவெதுப்பாக்கினார்கள். பெரியவர்களுக்கு முழுப் போத்தல், பிள்ளைக்கு அரைப் போத்தல்: ஐந்நூறு சீசீ. பத்து நிமிடத்தில் உள்ளே போகும். அரை மணித்தியாலம் வயிற்றுக்குள் நிற்கும். அந்த நேரத்தில் இரத்தத்தில் கிடக்கும் கெட்டது குடலைச் சுற்றியிருக்கும் மெல்லிய சவ்வினூடாக அந்தத் தண்ணீருக்குள் இறங்கும். பிறகு குழாயைத் திறந்து, கட்டிலுக்குக் கீழே இருக்கும் போத்தலுக்குள் வடியவிடுவார்கள். அது முடிய அடுத்தது. மணிக்கு ஒரு தரம், இரவு பகலாக.

வாட்டில் முப்பது பிள்ளைகள் இருந்தார்கள். மிஸ்ஸி ஒருத்தி என்னிடம் ஒரு தாளையும் பென்சிலையும் கொண்டுவந்தாள்.

"அப்பா, எழுதத் தெரியுமோ?"

"இலக்கம் எழுதுவன்."

"அது காணும். நான் போத்தலை மாத்துவன். வெளியிலை வந்ததை இந்தக் கோடு போட்ட சாடியிலை அளந்து எழுதவேணும். பிள்ளையைத் தூக்கக் கூடாது, குழாய் இழுபடும்."

தாளில் இரண்டு பக்கம் இருந்தன: 'போனது', 'வந்தது'. இரவில் மிஸ்ஸியே அளந்து எழுதினாள்.

முதல் நாள் நன்றாக நடந்தது. ஐந்நூறு போனது; ஐந்நூற்று முப்பது வந்தது. பிறகு ஐந்நூற்று நாற்பது. போனதைவிடக் கூட வருகிறதே என்று பயந்து நான் இரண்டு தரம் அளந்தேன். டொக்டர் தாளைப் பார்த்துத் தலையாட்டினார். "கூட வாறதுதான் எங்களுக்கு வேணும். அது பிள்ளையின்ரை உடம்பிலை தேங்கி நிண்ட தண்ணி." என் இலக்கங்களைப் பார்த்து, "நல்ல வடிவாய் எழுதிறீர்," என்றும் சொன்னார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

மகளுக்கு நாள் முழுவதற்கும் ஒரு சின்னக் கோப்பை தண்ணீர்தான். அதைக் கரண்டியால் கொடுக்கவேண்டும். உதடு வெடித்திருந்தது.

"அப்பா, தண்ணி விடாய்க்குது."

"இப்பத்தானே குஞ்சு தந்தனான்."

"எங்கடை பவுசருக்கை எத்தினை வாளி பிடிக்கும்?"

"நூத்தியெண்பது."

"அதிலை ஒரு மிடறு தாங்கோவன்."

ஊரில் வாளி கொண்டு வந்தவரை நான் ஒருநாளும் வெறும் வாளியோடு அனுப்பியதில்லை. கரண்டியின் நுனியால் அவளுடைய உதட்டை நனைத்துவிட்டு வெளியே போய் நின்றேன்.

இரண்டாம் நாள் காலையில், என் முறைக்கு வந்த முதல் போத்தல் வடிவதற்கு முன், விரிப்பு நனைந்திருந்ததைக் கண்டு பிள்ளையைக் கொஞ்சம் தூக்கினேன். தூக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். ஈரத்தில் கிடக்கிறாளே என்று தூக்கினேன். குழாய் ஒருதரம் இழுபட்டது, அவள் முனகினாள். அந்தத் தரம் வந்தது நானூற்று இருபது.

எண்பது குறைவு. கொஞ்சம் விரிப்பில் சிந்தியிருக்கும் என்று நினைத்தேன். எழுதினால் மிஸ்ஸி, "ஆர் பிள்ளையைத் தூக்கினது?" என்று வாட்டு முழுவதற்கும் கேட்கச் சத்தம் போடுவாள். தாய்மார் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். தாளைப் பார்த்தேன். அதில் சிந்தியதற்குக் கட்டம் இல்லை. ஐந்நூறு என்று எழுதினேன்.

அடுத்த தரம் நானூறு. பவுசரின் அடியில் கிடப்பது அடுத்த நிரப்போடு வெளியே வந்துவிடும்; இதுவும் அப்படித்தான் என்று நினைத்தேன். ஐந்நூறு என்று எழுதினேன். அதற்கடுத்தது நானூற்று முப்பது. ஐந்நூறு. மூன்றாவது தரம் எழுதும்போது கை நின்று யோசிக்கக்கூட இல்லை. இருபது வருடப் பழக்கம்.

நெடுந்தீவுப் பெண் சாடியை எட்டிப் பார்த்தாள். "அண்ணை, போனது முழுக்க வரேல்லைப் போலை கிடக்கு."

"வரும்," என்றேன். அன்று நான் அவளிடம் சொன்ன ஒரே சொல் அது.

மத்தியானம் டொக்டர் வந்தார். "இண்டைக்குக் கூட வரேல்லை. பறவாயில்லை, போனது வந்திருக்கு," என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். அந்த இடத்தில் நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

மூன்று மணிபோல மகள் மூச்சு எடுக்கக் கஷ்டப்பட்டாள். தோள் இரண்டும் ஏறி ஏறி இறங்கின. முகம் திரும்பவும் வீங்கியிருந்தது. தண்ணீர் கேட்கவில்லை, கேட்க மூச்சு இல்லை. மிஸ்ஸி ஓடிப்போய் டொக்டரைக் கூட்டிவந்தாள். அவர் காதில் மாட்டும் குழாயைப் பிள்ளையின் முதுகில் வைத்துக் கேட்டார். தாளைப் பார்த்தார். பிள்ளையைப் பார்த்தார். திரும்பவும் தாளைப் பார்த்தார்.

"தண்ணி எல்லாம் வெளியிலை வந்திருக்கு. அப்ப இது வயித்திலை தேங்கின தண்ணியாலை வந்ததில்லை. நெஞ்சிலை வேறை ஏதோ," என்று மிஸ்ஸியிடம் சொன்னார். "கழுவிறதை நிப்பாட்டுவம். குழாயை எடுப்பம்."

கழுவாமல் விட்டால் பிள்ளை தாங்காது என்று முதல் நாள் அவரே சொன்னது எனக்கு ஞாபகம் இருந்தது. எழும்பி நின்றேன். "ஐயா" என்று சொன்னதாக நினைத்தேன். சத்தம் வரவில்லை. மிஸ்ஸி தட்டோடு வந்துவிட்டாள்.

"டொக்டர், கொஞ்சம் பொறுங்கோ," என்றாள் நெடுந்தீவுப் பெண். "இந்த அண்ணைக்கு ஏதோ சொல்லக் கிடக்கு. சொல்லுங்கோ அண்ணை! வாயைத் திறந்தால் பல்லுக் கொட்டுமோ?"

"தாளிலை கிடக்கிறது சரியில்லை ஐயா," என்றேன்.

"எது சரியில்லை?"

"இண்டையான் கணக்கு முழுக்க. ஒத்து வர வேணுமெண்டு எழுதினனான்."

"அப்ப நீர் அளக்கேல்லையோ?"

"அளந்தனான். எழுதினதுதான் வேறை."

"அளந்தது ஞாபகம் கிடக்கோ?"

கிடந்தது. பவுசர்த் தடியின் கோடுகள் எனக்கு எப்போதும் ஞாபகம் இருக்கும். நானூற்று இருபது, நானூறு, நானூற்று முப்பது, முந்நூற்றுத் தொண்ணூறு, நானூற்றுப் பத்து, முந்நூற்று எண்பது, நானூறு. ஏழையும் வரிசையாகச் சொன்னேன். அவர் தாளின் ஓரத்தில் கூட்டினார். அறுநூற்று எழுபது சீசீ பிள்ளையின் உடம்புக்குள் நின்றுவிட்டது. அவளுடைய நிறைக்கு அது பெரிய அளவு.

அவர் ஏசவில்லை. ஏசுவதற்கு நேரமிருக்கவில்லை. குழாயின் வாயில் ஊசிக் குழலைப் பொருத்தி மெதுவாகத் தண்ணீர் அடித்து இழுத்தார். நூல்போல வெள்ளையாக ஒன்று வந்தது. அதுதான் குழாயின் துளைகளை அடைத்திருந்தது. பிள்ளையைத் தூக்கி என் நெஞ்சோடு சாய்த்து இருத்தச் சொன்னார். "இப்ப தூக்கலாம். தூக்கும். இடப்பக்கம் கொஞ்சம் சரியும். ஓம், அப்பிடியே." கட்டிலுக்குக் கீழே போத்தலில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. முதலில் சொட்டாக, பிறகு கோடாக. என்னால் குனிந்து பார்க்க முடியவில்லை. நெடுந்தீவுப் பெண் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தாள்: "வருது அண்ணை, வருது. நிக்கேல்லை, வருது."

அறுநூறு வந்தது. பிறகு சீனி கூடிய தண்ணீர் ஒரு போத்தல் விட்டார்கள். அது உடம்பில் நிற்கும் தண்ணீரை இழுத்து எடுக்குமாம். ஐந்து மணிக்கு அவளுடைய தோள் ஏறுவது குறைந்தது. டொக்டர் தாளை என்னிடம் நீட்டினார்.

"எழுதும்."

"நீங்களே எழுதுங்கோ ஐயா."

"இல்லை. நீர்தான் எழுதவேணும். வந்ததை எழுதும், வராததையும் எழுதும்."

எழுதினேன். அன்றைக்கு என் இலக்கங்களும் கோணலாகவே வந்தன.

அடுத்த நாள் காலையில் அவர் வாங்கில் என் பக்கத்தில் வந்து இருந்தார். ஏன் அப்படிச் செய்தேன் என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, அறிய விரும்பிக் கேட்டார். நான் சாட்டிக் கிணற்றையும் கொப்பியையும் கிளாக்கரையும் சொன்னேன். என் வாழ்க்கையில் ஒரு பெரிய மனிதரோடு அவ்வளவு நேரம் கதைத்தது அன்றைக்குத்தான். அவர் தாளை எடுத்துப் பார்த்தார்.

"உண்மைதான். எங்கடை தாளிலையும் கட்டம் இல்லை," என்று சொல்லி, தன் பேனையால் இன்னும் இரண்டு கோடு இழுத்தார். ஒன்றில் 'வித்தியாசம்', மற்றதில் 'சிந்தியது'. விரிப்பு நனைந்தால் அதையும் நிறுக்கவேண்டும், பிள்ளையைக் காலையும் மாலையும் நிறுக்கவேண்டும் என்று மிஸ்ஸியிடம் சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, "அந்தத் தடியைப் பற்றிச் சொன்னீரே, அது நல்ல விஷயம். அதிலை நீர் பொய் சொல்லேல்லைத்தானே?" என்றார்.

"தடியிலை ஏலாது ஐயா. ஈரம் நிண்ட இடத்திலைதானே கோடு போடலாம்."

அவர் ஒட்டும் பிளாஸ்ரரில் ஒரு நீட்டுத் துண்டு வெட்டி, கீழே இருந்த போத்தலில் மேலிருந்து கீழாக ஒட்டச் சொன்னார். ஒட்டினேன். முதலில் ஐந்நூறு சீசீயை ஊற்றி, அது நின்ற இடத்தில் தடித்த கோடு ஒன்று போட்டோம். வடிந்து முடிந்ததும் தண்ணீர் நிற்கும் மட்டத்தில் பென்சிலால் ஒரு கோடு. தடித்த கோட்டுக்குக் கீழே நின்றால் உடனே மிஸ்ஸியைக் கூப்பிடவேண்டும். பிள்ளையை மற்றப் பக்கம் திருப்பவேண்டும், இருத்தவேண்டும். இலக்கம் தெரியாத தாயும் அதைச் செய்யலாம்.

மிஸ்ஸி போத்தலைத் தூக்கிப் பார்த்தாள். "கோடு கீறக் கூச்சம் வராதுதானே அப்பா?" என்றாள். தாய்மார் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஆறாம் நாள் மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டாள். சட்டி வைத்தோம். கனநேரம் இருந்தாள். கடைசியில் ஒரு மேசைக் கரண்டி அளவு போனது. நிறம் நல்ல மஞ்சள். நான் அதைச் சாடியில் விட்டு, கண்ணுக்கு நேரே பிடித்து அளந்தேன். பதினைந்து சீசீ.

"பாருங்கோவன் இந்த அண்ணையை!" என்று நெடுந்தீவுப் பெண் வாட்டுக்கே சொன்னாள். "ஊர் முழுக்கத் தண்ணி குடுக்கிற மனிசன், மகள் குடுத்த ஒரு கரண்டிச் சலத்தைப் பன்னீர்மாதிரிப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறார்!"

அடுத்த நாள் நூற்று இருபது. அதற்கடுத்த நாள் நானூறு. ஒன்பதாம் நாள் குழாயை எடுத்தார்கள். மூன்று கிழமையில் வீடு வந்தோம். நெடுந்தீவுப் பெண் அதற்கு முன்பே பையனோடு போய்விட்டாள். நன்றி சொல்லவேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் போனது நான் சாப்பாடு வாங்கப் போயிருந்த நேரம்.

வேலைக்குத் திரும்பிய அன்று கொப்பியில் அடிமட்டம் வைத்து மூன்றாவது கோடு ஒன்று இழுத்தேன். எடுத்தது நூற்றெண்பது, கொடுத்தது நூற்று அறுபத்தொன்று, சிந்தியது பத்தொன்பது. அப்போதிருந்த கிளாக்கர் வயதில் என்னைவிட இளையவர்.

"இதென்ன புதுக் கோடு?"

"சிந்தினது."

"ஆஸ்பத்திரியிலை பிள்ளையைக் காட்டப் போனீரோ, கணக்குப் படிக்கப் போனீரோ?" என்றார். அழி இறப்பரை எடுத்து அழித்தார். அடுத்த நாள் நான் பேனையால் கோடு போட்டேன். ஒரு மாதம் இப்படி நடந்தது. பிறகு கொப்பியை வேறொருவரிடம் கொடுத்துவிட்டார்கள். எனக்குப் பவுசர் மட்டும் மிஞ்சியது. அதில் எனக்கு மனவருத்தம் இல்லை.

மகளை ஆறு மாதத்துக்கு ஒருதரம் கிளினிக்குக் கூட்டிப்போனேன். இரண்டு வருடம் கழித்து ஒருதரம் அந்த வாட்டு வாசலால் போனபோது உள்ளே எட்டிப் பார்த்தேன். மூலைக் கட்டிலில் நான்கு வயது மதிக்கத்தக்க ஒரு பிள்ளை, தாயின் நெஞ்சில் சாய்ந்திருந்தது. கட்டிலுக்குக் கீழே போத்தல். அதில் மேலிருந்து கீழாக வெள்ளைப் பிளாஸ்ரர். பென்சில் கோடுகள் தடித்த கோட்டுக்கு மேலே நின்றன. கட்டில் காலில் தொங்கிய தாளில் நான்கு கட்டங்கள் இருந்தன. அச்சடித்தவை அல்ல, யாரோ கையால் இழுத்தவை. மிஸ்ஸிமார் எல்லாம் புதியவர்கள். என்ன வேணும் என்று ஒருத்தி கேட்டாள். ஒன்றுமில்லை என்று வந்துவிட்டேன்.

இப்போது மகளுக்குப் பதினொரு வயது. கிளினிக்கில் இனி வரத் தேவையில்லை என்று சொல்லிவிட்டார்கள். தொப்புளுக்குக் கீழே ஒரு சின்னத் தழும்பு இருக்கிறது. போன கிழமை அதைக் காட்டி, "அப்பா, இது என்னெண்டு வந்தது? ஆஸ்பத்திரியிலை என்ன நடந்தது?" என்று கேட்டாள். "வருத்தம் வந்தது, மாறிச்சுது," என்றேன். அவள், "உங்களிட்டைக் கேட்டன் பாருங்கோ," என்று சொல்லிவிட்டுப் போனாள். தாளைப் பற்றி அவளுக்குத் தெரியாது. அவளுடைய தாய்க்கும் நான் முழுவதும் சொன்னதில்லை.

நேரே சொல்ல எனக்கு ஏலாது. அதனால் எழுதினேன். இதில் உள்ள இலக்கங்கள் எல்லாம் அளந்தவை. எழுத்துப் பிழைகள் நிறைய இருக்கும். அவள் பள்ளிக்கூடத்தில் தமிழில் கெட்டிக்காரி. பிழைகளைத் திருத்தித் தரச் சொல்லி நாளைக்கு இதை அவளிடமே கொடுக்கப்போகிறேன்.

1982ஆம் ஆண்டு மாசி மாதம் 21ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை.